வெள்ளைக் காரின் பெயின்ட் உரிந்தால் பழி கடற்காற்றுக்கா?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 2013 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ, வெள்ளை நிறம். கார் சேல் ஒன்றில் வாங்கி இரண்டரை மாதம் ஆகிறது. 'ஒரிஜினல் பெயின்ட்' என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது முன் கண்ணாடிக்கு மேலே, கூரையின் விளிம்பில் பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. இடது பின் கதவின் அடியில் கொப்புளம். டிக்கியிலும் பின் பம்பரிலும் செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். விற்றவரிடம் கேட்டால் 'கடற்கரையில் வண்டியை வைத்திருக்கிறீர்கள், உப்புக்காற்று' என்கிறார். பெயின்ட் கடைக்காரர் 'இது கம்பெனிப் பிழை' என்கிறார். ஒரு கராஜில் பெயின்டின் தடிப்பை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்ததில் கூரை 95, பொனட் 105, இடது பின் கதவின் மேல்பாதி 260, கீழ்ப்பாதி 1100 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்). யார் சொல்வது சரி? முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்துவிடலாமா?

தம்பி, முழு வண்டிக்கும் அடிக்கும் யோசனையை முதலில் நிறுத்தி வையுங்கள். உங்கள் வண்டிக்கு இருப்பது ஒரு வருத்தம் இல்லை, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு, பொறுப்பாளியும் வேறு. நீங்கள் எழுதியதை வைத்தே இதைச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அனேகம் பேர் 'பெயின்ட் போகுது' என்று மட்டும்தான் சொல்வார்கள்.

நான் 19 வருடமாக டிங்கரிங், பெயின்ட் வேலை செய்கிறேன். அதில் 6 வருடம் கட்டாரில், மிச்சம் முழுக்க திருகோணமலையில். இந்த ஊரில் ஒரு காரின் உடம்பில் என்ன குறை வந்தாலும் 'கடற்காற்று' என்ற ஒரு சொல்லில் கதையை முடித்துவிடுகிறார்கள். கடற்காற்று செய்யும் சேதம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது செய்ய முடியாத வேலைகளும் இருக்கின்றன. அதைத் தெரியாததால் எத்தனையோ பேர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், தங்கள் விதி என்று பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பெயின்ட் என்றால் என்ன என்று பார்ப்போம். தொழிற்சாலையில் தகட்டால் செய்த உடம்பைக் கழுவி, பொஸ்பேற் கரைசலில் தோய்த்து, அப்புறம் ஒரு பெரிய தொட்டியில் முழுதாக முக்கி மின்சாரம் கொடுத்து முதல் பூச்சை ஏற்றுவார்கள். ஈ.டி. பூச்சு என்று சொல்வோம். பெரும்பாலும் சாம்பல் நிறம், தடிப்பு ஏறக்குறைய 20 மைக்ரோன். தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரோன் அளவில் இருக்கும் என்றால் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறள் வராமல் காப்பது இந்தப் பூச்சுதான். கதவின் உட்குழிக்குள்ளும் தண்ணீர் மாதிரிப் புகுந்து ஒட்டிவிடும், அதைச் சூளையில் 170 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். அதன் மேல் பிரைமர் 30, 40 மைக்ரோன். அப்புறம் நிறம். அதற்கு மேலே, மெட்டாலிக், பேர்ள் நிறங்களுக்கு, கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. எல்லாம் கூட்டினால் ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 80 முதல் 130 மைக்ரோனுக்குள் நிற்கும். உங்கள் கூரை 95, பொனட் 105. அப்படியானால் அந்த இரண்டு இடத்திலும் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யாரும் கை வைக்கவில்லை. விற்றவர் கூரையைப் பற்றிச் சொன்னது உண்மை.

கராஜில் இந்தச் சூளை கிடையாது. கண்ணாடி, ரப்பர், வயர் எல்லாம் பூட்டிய வண்டியை 60, 70 பாகைக்கு மேல் சூடாக்க முடியாது. அதனால்தான் நாங்கள் எவ்வளவு நன்றாக அடித்தாலும் தொழிற்சாலைப் பூச்சின் வன்மை வராது. நல்லாக இருக்கும் பழைய பெயின்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

இனி கூரை. உரிந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் வெள்ளை பளபளப்பாகவே இருக்கும். அடிப்பக்கத்தை விரலால் தேயுங்கள். மெல்லிய சாம்பல் தூள் விரலில் ஒட்டினால் விஷயம் விளங்கிவிட்டது. கூரையில் துண்டு போன இடத்தையும் தடவுங்கள். மழமழவென்று சாம்பல் நிறப் பூச்சு இருக்கும், அல்லது சுத்தமான தகடு தெரியும், கறள் இருக்காது. வெளியே திறந்து கிடந்து நாளானால் பிறகு கறள் வரும், ஆனால் உரிந்த அன்று இருக்காது. கறளால் எழும்பிய பெயின்டாக இருந்தால் அடியில் பழுப்புப் பொருக்கு இருந்தே ஆக வேண்டும்.

இது வெயில் செய்த வேலை. முதல் பூச்சு கறளைத் தாங்கும், ஆனால் வெயிலைத் தாங்காது. அதற்குக் குடை பிடிப்பதுதான் மேல் பூச்சுகளின் வேலை. மேல் பூச்சு மெல்லியதாகவோ ஒளியைக் கசிய விடுவதாகவோ இருந்தால், வருடக்கணக்கில் உள்ளே போன ஒளி முதல் பூச்சின் மேற்பரப்பை மாவாக்கிவிடும். மாவின் மேல் எது ஒட்டும்? ஒரு நாள் விளிம்பில் காற்றுப் புகுந்தால் பப்படம் மாதிரிப் பெயர்ந்து வரும். கூரையிலும் பொனட்டிலும் டிக்கியின் மேல் தட்டிலும் மட்டுமே இது முதலில் வருவதற்கும் காரணம் வெயில்தான். திருகோணமலை எட்டரைப் பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். கதவுக்குச் சாய்ந்து விழும் வெயில் கூரைக்கு நெட்டுக்குத்தாக விழுகிறது.

இது புதிய கதையும் அல்ல. 1980களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கம்பெனிகள் சில, பிரைமர் என்ற நடுப் பூச்சை விட்டுவிட்டு முதல் பூச்சின் மேல் நேரே நிறத்தை அடித்தன. கொஞ்ச வருடத்தில் லட்சக்கணக்கான வண்டிகளின் பொனட்டும் கூரையும் உரிந்தன, வழக்குகள் நடந்தன. கிட்டத்தில், ரொயோட்டா அமெரிக்காவில் விற்ற 2008 முதல் 2017 வரையான சில மொடல்களில், 040 என்ற சுப்பர் வைட், 070 என்ற பிளிசர்ட் பேர்ள் ஆகிய இரண்டு வெள்ளைகள் உரிவதைத் தானே ஏற்றுக்கொண்டு, இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. காலப்போக்கில் சூரிய ஒளி பட்டு, பிரைமருக்கும் முதல் பூச்சுக்கும் இடையில் பிடிப்புக் குறைகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணமும். ஹொண்டாவும் 2006 முதல் 2013 வரையான சில சிவிக் கார்களில் பெயின்ட் வெடிப்பதற்கும் வெளிறுவதற்கும் உத்தரவாதத்தை 7 வருடமாக நீட்டியது. நம் ஊரில் ஓடும் சிவிக் கார்களில் பொனட்டில் வரைபடம் கீறியது மாதிரி வெடிப்பு இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் வண்டியின் நிற எண்ணைப் பாருங்கள். எஞ்சின் அறைக்குள் அல்லது கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் கலர், ட்ரிம் என்ற வரியில் எழுதியிருக்கும். 040 என்று இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அது கிளியர் பூச்சு இல்லாத தனி வெள்ளை. கறுப்புத் துணியில் கொஞ்சம் கொம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) வைத்துத் தேய்த்தால் துணியில் வெள்ளை ஏறும். கிளியர் இருந்தால் ஏறாது. ஒவ்வொரு கட் அன்ட் பொலிஷும் உங்கள் குடையை இன்னும் மெல்லியதாக்குகிறது என்பதை மனதில் வையுங்கள். விற்பனைக்கு முன் பளபளப்புக் காட்டுவதற்காக மெஷின் பொலிஷ் அடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம். எண் 040 என்பதால் மட்டும் உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடாது. சேர்ந்தாலும் அந்தத் திட்டம் அமெரிக்காவில் விற்ற வண்டிகளுக்கானது. ஆகவே கூரைக்காக யாரிடமும் காசு கேட்கும் வழி உங்களுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெயின்ட் கடைக்காரர் சொன்னதும் இந்தக் கூரைக்கு மட்டும் பொருந்தும்.

கதவுதான் உங்களுடைய உண்மையான முறைப்பாடு. அங்கே மேலே 260, கீழே 1100. பழைய பெயின்டின் மேல் இன்னொரு தடவை பெயின்ட் அடித்தால் 200, 300 வரும். 1100 வர வேண்டும் என்றால் புட்டி வைத்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றருக்கு மேலே தடிப்பு. அந்தக் கதவு எங்கோ அடிபட்டு, தட்டி நிமிர்த்தி, புட்டி போட்டு, தேய்த்து, அடித்திருக்கிறார்கள். அதில் பிழை இல்லை, பழைய வண்டி என்றால் அடிபடத்தான் செய்யும். 'ஒரிஜினல் பெயின்ட்' என்று சொன்னதுதான் பிழை.

மீட்டர் இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். கதவைத் திறந்து, அடி விளிம்பில் தகடு மடிந்து வரும் இடத்தில் ஓடும் சீலர் (மூட்டை அடைக்கும் பசை) கோட்டைப் பாருங்கள். தொழிற்சாலையில் ரோபோ போட்ட கோடு ஒரே அகலத்தில், நகத்தால் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும். வலது பின் கதவில் பாருங்கள், அப்புறம் இடதில் பாருங்கள். கையால் போட்டது அலை அலையாக இருக்கும், அல்லது நகம் பதியும், அல்லது கோடே இருக்காது. பிணைச்சல் போல்ட்டில் ஸ்பானர் பட்ட காயம் இருக்கிறதா? ஜன்னல் ரப்பரின் ஓரத்தில் வெள்ளைத் தூவல் இருக்கிறதா? கதவின் உள் விளிம்பில், டேப் ஒட்டிப் பிரித்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு விரலில் தட்டுப்படுகிறதா? இந்த நான்கில் இரண்டு இருந்தால் போதும்.

கொப்புளம் ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். இது எனக்கு என் பிழையால் புரிந்த பாடம். தொழில் தொடங்கிய புதிதில் நிலாவெளியில் ஒரு நண்பரின் வளவில் வைத்து வேன் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்தேன். புட்டி போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வோட்டர் பேப்பரால் தேய்த்து, வெயிலில் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்தேன். வண்டி கண்ணாடி மாதிரிப் போனது. நாலு மாதத்தில் திரும்பி வந்தது. பக்கவாட்டுத் தகடு முழுக்க வேர்க்குரு போட்ட மாதிரிச் சின்னச் சின்னக் கொப்புளம். ஊசியால் ஒன்றைக் குத்தினேன். பழுப்பு நிறம் வரவில்லை, தெளிந்த தண்ணீர் ஒரு துளி வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

கடலோரத்து மணல் கிணறுகளில், அதுவும் மழை இல்லாத மாதங்களில், தண்ணீர் உவராகிவிடும். சவர்க்காரம் நுரைக்காது. அந்தத் தண்ணீரால் தேய்த்துவிட்டு அப்படியே பெயின்ட் அடித்தால், காய்ந்த உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. பெயின்ட் என்பது கண்ணாடி அல்ல, மிக மெதுவாகத் தண்ணீர் ஆவியை உள்ளே விடும். உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்து இழுத்துச் சேர்க்க, கொப்புளம் எழும்புகிறது. புட்டி இன்னும் மோசம். அதற்குள் மாவுக்கல் தூள் இருக்கிறது, அது பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும். புட்டியைத் தண்ணீர் வைத்துத் தேய்க்கவே கூடாது, காய்ந்த பேப்பரால்தான் தேய்க்க வேண்டும். கொம்பிரசரில் இருந்து வரும் காற்றில் தண்ணீர் வடிகட்டி இல்லாவிட்டாலும் இதே கதைதான். அந்த வேனை என் செலவில் தகடு வரைக்கும் சுரண்டி, குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து திரும்பச் செய்து கொடுத்தேன்.

உங்கள் கதவில் உள்ள கொப்புளம் ஒன்றை மட்டும் ஊசியால் குத்திப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். தெளிந்த நீர் அல்லது வெறும் காற்று என்றால் பெயின்ட் வேலையில் பிழை. பழுப்பு நீரோ பொருக்கோ வந்தால் தகடு அடியிலிருந்து கறள் பிடிக்கிறது. அப்போது கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கதவிலும் இரண்டு மூன்று இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் அதால்தான் வெளியேற வேண்டும். ஈர்க்குச்சியால் குத்தினால் கறுத்த தண்ணீர் கொட்டினால், ஓட்டை அடைபட்டு மாதக்கணக்கில் குளம் கட்டியிருக்கிறது. புதுப் பெயின்ட் அடிக்கும்போது சீலரைப் பூசி அந்த ஓட்டைகளையே அடைத்துவிடுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, அந்தச் செம்மஞ்சள் புள்ளிகள். நல்ல செய்தி இதுதான். பம்பரிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் எப்படிக் கறள் பிடிக்கும்? அது வெளியிலிருந்து வந்து விழுந்த இரும்புத் துகள். கிரில் வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கிரைண்டரின் பொறி வந்து பெயின்டில் ஒட்டும், பிறேக் தூளும் வரும். துகள்தான் கறள் பிடிக்கிறது, உங்கள் வண்டி இல்லை. கையில் மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள், மண் மாதிரிச் சொரசொரக்கும். இரும்பு கரைக்கும் திரவம் என்று கார் கழுவும் சாமான் கடைகளில் விற்கிறது, தெளித்தால் ஊதா நிறமாகி வடியும். மிச்சத்தைக் களிமண் மாதிரி இருக்கும் கிளே கட்டியால் எடுக்கலாம். கொம்பவுண்ட் போட்டுத் தேய்க்க வேண்டாம், துகள் உருண்டு உருண்டு பெயின்டைக் கீறும். கழிவறை கழுவும் அமிலத்தைத் தொடவே வேண்டாம். சீனன்குடா வீதியில் சீமெந்து லொறிக்குப் பின்னால் அடிக்கடி போகிறவர்களுக்கு வரும் வெள்ளைப் பொட்டுகள் வேறு. சீமெந்துத் தூசி பனியில் நனைந்து இறுகியது அது. தண்ணீர் கலந்த வினாகிரியை ஊறவிட்டு, இளகியபின் கழுவினால் போய்விடும்.

அப்படியானால் கடற்காற்று ஒன்றுமே செய்யாதா? செய்யும், ஆனால் தனக்கென்று இடம் வைத்துச் செய்யும். குசினியில் உப்புச் சாடியைப் பாருங்கள். மாரி காலத்தில் மழை சாடிக்குள் விழாமலே உப்பு இளகிக் கசியும். சுத்தமான உப்புக் கூட காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே இளகத் தொடங்கும். கரையோரத்தில் இரவு ஈரப்பதன் அதைத் தாண்டாத நாட்கள் குறைவு. ஆகவே மழை இல்லாவிட்டாலும், வண்டியில் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் நனைகிறது, பகலில் காய்கிறது. கல் தெறித்துத் தகடு வெளித்த இடம், வீல் ஆர்ச்சின் உள் மடிப்பு, கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கியின் அடி விளிம்பு, நம்பர் பிளேட் ஆணி, பிறேக் பைப், தாழ்வாக அடியில் மறைந்த மூட்டுகள். அங்கேதான் அது வேலை செய்யும். நல்லபடி இருக்கும் கூரையின் நடுவில் ஏறி உட்கார்ந்து பெயின்டைத் தோலாக உரிக்காது. உரிக்க அதற்கு ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலில் பழுப்பு அடையாளம் இருக்கும்.

அதனால் நீங்கள் கழுவ வேண்டியது மேலே பளபளக்கும் பகுதியை விட, அடியை. வாரம் ஒரு தடவை குழாய்த் தண்ணீரால் வீல் ஆர்ச்சையும் சில்லையும் அடித்துக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும். உப்புப் படிந்த வண்டியைக் கழுவாமல் கவர் போட்டு மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றில் கவர் ஆடி உப்பும் மணலும் பெயின்டைத் தேய்க்கும். சர்வீசில் கழிவு ஓயிலை அடியில் அடிக்கச் சொல்ல வேண்டாம். புஷ் ரப்பர்கள் ஊதிப்போகும், எஞ்சினில் எரிந்து அமிலம் ஏறிய ஓயில் அது. ஏற்கெனவே கறள் இருக்கும் இடத்தில் கறுப்பு அண்டர்கோட் அடித்து மூடுவது அதைவிடப் பிழை. கறள் உள்ளே நிம்மதியாக வளரும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும் வரை, ஏறக்குறைய ஐந்து வருடம் நாட்டில் இருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறிச் சுற்றின. விலை ஏறியது. அடிபட்டதையும் நிமிர்த்திப் பூசி நல்ல விலைக்கு விற்க முடிந்தது. உங்கள் கதவு அந்தக் காலத்து வேலையாக இருக்கலாம், ஜப்பானிலேயே நடந்ததாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒக்ஷன் ஷீட், அதாவது ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது வண்டியின் நிலையை எழுதிக் கொடுக்கும் தாள், உதவும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் காரின் படத்தின் மேல் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திய அடையாளம், எஸ் கறள், சி அரிப்பு, எக்ஸ் இரண்டு தடவை இருந்தால் மாற்றிய பாகம். பக்கத்தில் எண் கூடக் கூடப் பாதிப்புப் பெரிது. அடிப்பகுதிக்கு எஸ் அல்லது சி போட்டிருந்தால் பனி விழும் மாகாணங்களில் ஓடிய வண்டியாக இருக்கலாம், அங்கே குளிர்காலத்தில் வீதிக்கே உப்புப் போடுவார்கள். திருகோணமலைக்கு வருவதற்கு முன்பே உப்புத் தின்ற வண்டி அது.

இப்போது அவசரமான விஷயம். வாங்கி இரண்டரை மாதம் என்கிறீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, சொன்ன உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். 'பார்ப்போம், அடுத்த கிழமை வாருங்கள்' என்று விற்றவர் இழுத்தடிப்பது இந்தக் காலக்கெடு தெரிந்துதானோ என்று எனக்குச் சில வேளை தோன்றும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

முதலில் விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கூரையைப் பற்றியும் புள்ளிகளைப் பற்றியும் ஒரு வரி கூட வேண்டாம். மூன்றையும் சேர்த்து எழுதினால் அவர் புள்ளியைக் காட்டி 'இது வெளிக் காரணம்' என்பார், கூரையைக் காட்டி 'இது வெயில்' என்பார், இரண்டும் சரியாக இருப்பதால் கதவும் அதோடு அடிபட்டுப் போய்விடும். கதவை மட்டும் எழுதுங்கள். விற்பனை விளம்பரத்திலோ வாட்ஸ்அப்பிலோ 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற சொல் இருந்தால் அதைப் படம் எடுத்து இணையுங்கள். வாயால் சொன்னது மட்டும் என்றால், கூட நின்றவர் யார் என்று எழுதுங்கள். இடது, வலது பின் கதவுகள் இரண்டிலும் ஒரே இடங்களில் மீட்டரை வைத்து, எண் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். வலது கதவு 100, இடது கதவு 1100 என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு படம் பத்துப் பக்கக் கடிதத்தை விடப் பேசும். இரண்டு கதவும் ஒரே கடற்காற்றில்தானே நின்றன? கொப்புளத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுங்கள், கிலோமீற்றர் காட்டும் டாஷ்போர்டையும் அன்றைய திகதியோடு எடுங்கள். கேட்க வேண்டியதையும் தெளிவாக எழுதுங்கள்: கதவைத் தகடு வரை சுரண்டித் திருத்தித் தர வேண்டும், அல்லது நீங்கள் விரும்பும் கராஜில் செய்யும் செலவைத் தர வேண்டும். வண்டியைத் திருப்பி எடுக்கச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

காப்புறுதியில் இதற்கு வழி இல்லை. கறளும் தேய்மானமும் விபத்து ஆகாது.

திருத்தும் வேலைக்கு வருவோம். கூரைக்கு உரிந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் பிரயோசனம் இல்லை, பக்கத்தில் ஒட்டியிருப்பதாகத் தெரியும் பெயின்டும் மாவின் மேல்தான் நிற்கிறது. நல்ல ஒட்டுடேப்பை இறுக்கி ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பார்த்து, எதுவரை பெயர்கிறதோ அதையும் தாண்டிச் சுரண்ட வேண்டும். கூரையைப் பொறுத்தவரை முழுவதுமே சுரண்டுவது நல்லது. மாவாகிய முதல் பூச்சைத் தேய்த்து எடுத்து, தகடு வெளித்தால் எபொக்சி பிரைமர், அதன் மேல் 2கே (இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பிரைமர், அப்புறம் நிறம். தனி வெள்ளைக்கு நாங்கள் இங்கே மேலே கிளியரும் அடிப்பது உண்டு, கூரைக்கு அது நல்லது. பொனட் 105 இல் நன்றாக இருந்தால் தொட வேண்டாம். அதுவரை சர்வீசில் தண்ணீர் துப்பாக்கியைக் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு நேரே பிடிக்க விடாதீர்கள், ஒரு நிமிடத்தில் ஒரு சாண் பெயர்ந்துவிடும்.

கதவுக்குப் புட்டியை முழுதாக எடுத்துத் தகட்டைப் பார்க்க வேண்டும். கறள் ஓட்டை போட்டிருந்தால் நல்ல நிலையில் உள்ள பாவித்த கதவு ஒன்று தேடுவது மலிவாகக்கூட முடியலாம். வேலை செய்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தத் தண்ணீரில் தேய்ப்பீர்கள், புட்டிக்கும் பிரைமருக்கும் இடையில் எவ்வளவு நேரம் காயவிடுவீர்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். 2கே ஹார்ட்னர் கலந்து அடிக்கும்போது அவர் முகத்தில் சரியான மாஸ்க் இருக்கிறதா என்றும் பாருங்கள், வெறும் துணி போதாது. அதில் உள்ள ஐசோசயனேற் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். என்னோடு வேலை பழகிய ஒருவர் இன்று இன்ஹேலர் இல்லாமல் படி ஏற முடியாமல் இருக்கிறார்.

காலமும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை ஈரத்தில் அடிக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் பெயின்ட் நன்றாகக் காயும், ஆனால் பகல் ஏறினால் புழுதி. பெயின்ட் அடிக்க மூடிய பூத் (தனி அறை) இல்லாத கராஜ் என்றால் விடியக் காலையிலேயே கடைசிப் பூச்சை முடிக்கச் சொல்லுங்கள். எப்போது செய்தாலும், அதிகாரசபைக்கு முறைப்பாடு போய், பதில் வரும் வரை கதவைத் தொட விடாதீர்கள். கூரையை மட்டும் செய்யலாம். உரிந்த துண்டுகளையும் எறிய வேண்டாம், ஒரு கடித உறையில் திகதி எழுதிப் போட்டு வையுங்கள். கூரையும் கதவும் ஒரே காரணம் என்று யாராவது சொன்னால், துண்டின் அடிப்பக்கத்துச் சாம்பல் தூளையும் கதவின் கொப்புளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.